10 டன் ஐஸ் பிளான்ட்டுக்கு எத்தனை டிஆர், எத்தனை எச்பி? மூன்று கொட்டேஷன், மூன்று அலகு

கேள்வி: நாகை_கட்டி

வணக்கம். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தை நம்பி, நாளொன்றுக்கு 10 டன் கட்டி ஐஸ் எடுக்கும் பிளான்ட் ஒன்று வரப்போகிறது. அமோனியா, உப்பு பிரைன் தொட்டி, 50 கிலோ கேன், கூலிங் டவரோடு ஷெல்-அண்ட்-டியூப் கண்டென்சர். கம்ப்ரஸருக்கு மூன்று இடத்தில் விலை கேட்டதில் மூன்று பேரும் மூன்று அலகில் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாவது புதுசு: 22 டிஆர் (டன் ஆஃப் ரெஃப்ரிஜரேஷன், குளிரூட்டும் திறனின் அலகு), பக்கத்திலேயே −15/+40 (அமோனியா ஆவியாகும் வெப்பநிலையும் திரவமாகும் வெப்பநிலையும்) என்று போட்டிருக்கிறது. இரண்டாவதும் புதுசு: மணிக்கு 75,600 கிலோகலோரி, அடியில் பொடி எழுத்தில் −10/+35. விலை இதுதான் குறைவு. மூன்றாவது ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின்: பிளேட்டில் 24 டன், 6 சிலிண்டர், விட்டம் 95 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ., நிமிடத்துக்கு 1000 சுற்று. வெப்பநிலை எதுவும் இல்லை.

நான் போட்ட கணக்கு இது: 10 டன் ஐஸ் என்றால் 10 டிஆர். கைவசம் இருக்கட்டும் என்று இரட்டிப்பாக்கினால் 20 டிஆர். மூன்றும் அதற்கு மேல் இருப்பதால் எது வாங்கினாலும் சரி. ஒரு டிஆருக்கு ஒரு எச்பி என்ற கணக்கில் 25 எச்பி மோட்டார் போதும். ஆனால் முதல் கொட்டேஷன்காரர் 50 எச்பி கேட்கிறார். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? மேல்தொட்டித் தண்ணீர் மே மாதம் 32 டிகிரிக்கு வரும். கரண்ட் கட், பராமரிப்பு எல்லாம் கழித்து ஒரு நாளைக்கு 20 மணி நேரம்தான் கம்ப்ரஸர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பதில்: குளிர்கணக்கு

முதலில் அந்த "10 டன் என்றால் 10 டிஆர்" என்பதை அழித்துவிடுங்கள். ஐஸ் பிளான்ட் பேச்சில் அதிகம் பேரைக் கவிழ்க்கும் இடம் அதுதான்.

டிஆர் என்பது அமெரிக்க வழக்கில் பிறந்த அலகு. அவர்களுடைய டன் 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ. 0 டிகிரியில் இருக்கும் அவ்வளவு ஐஸ் 24 மணி நேரத்தில் 0 டிகிரித் தண்ணீராக உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்த வேகம்தான் 1 டிஆர். பவுண்டுக்கு 144 பிடியூ. 2000-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பிடியூ. அதுவே 3.517 கிலோவாட், அதுவே மணிக்கு 3024 கிலோகலோரி. கிலோகலோரி/மணியை வாட் ஆக்க 1.163-ஆல் பெருக்க வேண்டும். பழைய ஐரோப்பியக் கேட்லாக்கில் "ஃப்ரிகோரி" என்று பார்த்தால் அதையும் கிலோகலோரியாகவே படியுங்கள்.

இந்த வரையறையில் தண்ணீரைக் குளிரவைக்கும் வேலையும் இல்லை, ஐஸை மைனஸுக்கு இறக்கும் வேலையும் இல்லை. உங்கள் பிளான்ட் இரண்டையும் செய்ய வேண்டும். ஒரு கிலோவுக்குப் பாருங்கள்:

32 டிகிரித் தண்ணீரை 0-க்குக் கொண்டுவர 32 × 4.187 = 134 கிலோஜூல்
உறையவைக்க 334 கிலோஜூல்
ஐஸை −8 வரை இறக்க 8 × 2.1 = 17 கிலோஜூல்

மொத்தம் 485. பத்தாயிரம் கிலோவுக்கு 48.5 லட்சம் கிலோஜூல். ஒரு நாளின் 86,400 நொடியால் வகுத்தால் 56.1 கிலோவாட், அதாவது 16 டிஆர். ஐஸுக்கு மட்டுமே இவ்வளவு.

இதன்மேல் தொட்டிச் சுவரும் மரமூடியும் வாங்கும் வெப்பம், அஜிடேட்டர் (பிரைனைக் கலக்கும் விசிறி) மோட்டார் பிரைனுக்குள் விடும் வெப்பம், உருக்கும் தொட்டியில் சூடேறித் திரும்பும் கேன்கள், கட்டியைக் கழற்றும்போது உருகிப் போகும் ஐஸ் எல்லாம் சேரும். நல்ல இன்சுலேஷன் இருந்தால் 15 சதவீதம் போதும். கடற்கரை ஈரத்தில் தெர்மகோல் சில வருடத்தில் தண்ணீர் குடித்துவிடுவதால் 20 சதவீதம் வைப்பதே நியாயம். ஆக 67.4 கிலோவாட், 19.2 டிஆர்.

இது 24 மணி நேரமும் ஓடினால். நீங்கள் சொல்வது 20 மணி நேரம். 67.4 × 24 ÷ 20 = 80.8 கிலோவாட், 23 டிஆர். உங்களுக்குத் தேவையான எண் இதுதான்.

உங்களுடைய 20 டிஆர் பக்கத்தில் வந்திருப்பது தற்செயல். அதே வழியில் 15 டிகிரித் தண்ணீருக்குக் கணக்குப் போட்டிருந்தாலும் அதே 20-தான் வந்திருக்கும். தண்ணீர் 5 டிகிரி கூடினால் ஐஸ் சுமை 4 சதவீதத்துக்கு மேல் கூடும். மேல்தொட்டிக்கு நிழல் போடுவதைவிட மலிவான டிஆர் கிடையாது.

பதில்: அமோனியா_லைன்

சுமை 23 டிஆர் சரி. இனி கொட்டேஷனைப் பார்ப்போம் தம்பி.

கம்ப்ரஸருக்கு சொந்தமாக ஒரு டிஆர் கிடையாது. அதற்குச் சொந்தம் ஸ்வெப்ட் வால்யூம் மட்டும்தான். ஒரு மணி நேரத்தில் எத்தனை கனமீட்டர் ஆவியை உள்ளே இழுக்கும் என்பது. அந்தக் கனமீட்டருக்குள் எத்தனை கிலோ அமோனியா இருக்கிறது என்பதை சக்ஷன் (கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கம்) வெப்பநிலை முடிவு செய்யும். −15-ல் ஒரு கிலோ ஆவி 0.508 கனமீட்டர் இடம் பிடிக்கும், −10-ல் 0.418 போதும். மெஷின் அதேதான், சுற்றும் அதேதான், ஆனால் −10-ல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் அமோனியாவைத் தள்ளும். அதனால் வெப்பநிலை எழுதாத டிஆருக்கு அர்த்தமில்லை. ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உங்களுக்கு எந்த வெப்பநிலை? பிரைன் −10-ல் இருக்க வேண்டும், காயிலுக்கும் பிரைனுக்கும் 5 டிகிரி வித்தியாசம் விட்டால் எவாப்பரேட்டிங் −15. நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரையில் ஈரக்குமிழ் வெப்பநிலை (டவர் தண்ணீர் இறங்கக்கூடிய கடைசி எல்லை) 28-ஐத் தொடும்; டவர் தண்ணீர் 32, 33-க்கு வரும்; கண்டென்சிங் +40 என்று வைப்பதே நேர்மை. முதல் கொட்டேஷன் அந்த −15/+40-லேயே இருக்கிறது.

இரண்டாவது: 75,600 ÷ 3024 = 25 டிஆர். முதலாவதைவிட 3 டிஆர் அதிகம் போலத் தெரியும். ஆனால் அது −10/+35. அமோனியா அட்டவணையில் பாருங்கள். −10-ல் ஆவியின் என்தால்பி (ஒரு கிலோவில் அடங்கிய வெப்பம், கிலோஜூலில்) 1450, 35 டிகிரித் திரவத்துக்கு 366. வித்தியாசம் 1084-ஐ 0.418-ஆல் வகுத்தால் கனமீட்டருக்கு 2593 கிலோஜூல். உங்கள் நிலையில் 1444-லிருந்து 391 போக 1053, அதை 0.508-ஆல் வகுத்தால் 2073. இங்கேயே 1.25 மடங்கு. அத்தோடு அழுத்த விகிதம் 4.6-லிருந்து 6.6-க்கு ஏறுவதால் கிளியரன்ஸில் (பிஸ்டன் மேலே வந்த பிறகும் மிஞ்சும் இடைவெளி) தங்கும் ஆவி விரிந்து சிலிண்டரை அடைத்துக்கொள்ளும். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (ஸ்வெப்ட் வால்யூமில் உண்மையில் உள்ளே வரும் பங்கு) 0.79-லிருந்து 0.73-க்கு இறங்கும். இரண்டையும் பெருக்கினால் 1.35. 25 ÷ 1.35 = 18.5 டிஆர்.

18.5 டிஆரை வைத்து 19.2 டிஆர் சுமையைத் தூக்க 25 மணி நேரம் வேண்டும். நாளில் அத்தனை மணி இல்லை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அது சின்ன மெஷின் என்பதுதான்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அளவு எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். விட்டம் 0.095 மீட்டர், பரப்பு 0.00709 சதுர மீட்டர். ஸ்ட்ரோக் 0.076-ஆல், 6 சிலிண்டரால், 1000 சுற்றால், 60 நிமிடத்தால் பெருக்குங்கள்: மணிக்கு 194 கனமீட்டர். 0.73-ஆல் பெருக்கினால் உண்மையில் இழுப்பது 141.6. 0.508-ஆல் வகுத்தால் மணிக்கு 279 கிலோ, நொடிக்கு 0.0774. அதை 1053-ஆல் பெருக்கினால் 81.5 கிலோவாட், 23.2 டிஆர். உங்கள் தேவை 23. பொருந்துகிறது.

அந்தப் பிளேட்டில் உள்ள "24 டன்" டிஆர் அல்ல என்பதையும் கவனியுங்கள். ஜப்பான் குளிர்சாதன டன் மெட்ரிக் டன்னில் கட்டியது: 1000 கிலோ × 79.68 கிலோகலோரி ÷ 24 = மணிக்கு 3320 கிலோகலோரி, 3.86 கிலோவாட். நம் டிஆரைவிட ஏறக்குறைய 10 சதவீதம் பெரிசு. அந்தக் கணக்கில் 24 டன் 92.7 கிலோவாட், 26.4 டிஆர். இதே சிலிண்டர் அளவை −15/+30, திரவம் 25 டிகிரி என்ற பழைய தர நிலைக்குப் போட்டால் 93 கிலோவாட் வருகிறது. ஆக பிளேட் பொய் சொல்லவில்லை. அலகு பெரிசு என்பதால் எண் சுருங்கிற்று, நிலைமை சுலபம் என்பதால் எண் பெருத்தது. இரண்டும் ஒன்றையொன்று தின்று, 24 என்பது உங்கள் ஊரில் 23 ஆக நிற்கிறது. அடுத்த மெஷினில் இப்படி நடக்கும் என்று நம்ப வேண்டாம்.

பழைய மெஷினில் இரண்டு பயம் உண்டு. வால்வு பிளேட்டும் ரிங்கும் தேய்ந்திருந்தால் 0.73 என்பது 0.65-க்கு இறங்கி 20.6 டிஆர்தான் கிடைக்கும்; 22 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இன்னொன்று சுற்று. ஜப்பானின் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸ். அங்கே நேராக மோட்டாரோடு இணைத்து ஓட்டிய மெஷின் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், டிஆரும் அதே பங்கு போகும். பெல்ட் என்றால் புல்லியை மாற்றிச் சரிசெய்யலாம்: மோட்டார் 1475 சுற்று, மோட்டார் புல்லி 250 மி.மீ. என்றால் கம்ப்ரஸர் வீல் 369 மி.மீ. இருக்க வேண்டும். வீலை அளந்து பார்க்காமல் 1000 சுற்று என்ற வார்த்தையை ஏற்காதீர்கள்.

பதில்: மோட்டார்_பேனல்

எச்பி பக்கம் நான் சொல்கிறேன். "ஒரு டிஆருக்கு ஒரு எச்பி" என்பது ஏசி வேலையிலிருந்து வந்த பழக்கம். அங்கே எவாப்பரேட்டிங் +5 பக்கம். தண்ணீர்க் கண்டென்சரோடு அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். ஐஸ் பிளான்ட்டில் −15-லிருந்து +40-க்குத் தூக்க வேண்டும். பத்தடி ஏற்றும் பம்பையும் இருபதடி ஏற்றும் பம்பையும் ஒரே எச்பியில் கேட்பது போல அது.

கணக்கு இப்படிப் போகும். 80.8 கிலோவாட்டை 1053-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.0767 கிலோ அமோனியா. இழப்பே இல்லாத கம்ப்ரஷனுக்கு −15/+40-ல் ஒரு கிலோவுக்கு சுமார் 283 கிலோஜூல் வேலை. பெருக்கினால் 21.7 கிலோவாட். இது காகிதத்து எண். வால்வில் அழுத்த இழப்பு, சிலிண்டர் சூடு, பேரிங் உராய்வு எல்லாம் சேர்த்து நல்ல ரெசிப்ரொக்கேட்டிங் மெஷினுக்கு மொத்தத் திறன் 0.70 வையுங்கள்: ஷாஃப்ட்டில் 31 கிலோவாட். வி-பெல்ட் நூற்றுக்கு நான்கு தின்னும்: மோட்டார் தர வேண்டியது 32.3 கிலோவாட், 43 எச்பி. மோட்டார் திறன் 0.93 என்றால் மீட்டர் காட்டுவது 34.7 கிலோவாட்.

ஷாஃப்ட்டில் டிஆருக்கு 1.35 கிலோவாட், அதாவது 1.8 எச்பி. உங்கள் ஒரு எச்பியும் இந்த 1.8-ம்தான் 25-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளி.

சிஓபி (எடுக்கும் வெப்பத்தைச் செலவாகும் வேலையால் வகுத்த எண்) தெரிந்தால் குறுக்குவழி உண்டு. டிஆருக்குக் கிலோவாட் வேண்டுமென்றால் 3.517-ஐ சிஓபியால் வகுக்கலாம். எச்பி வேண்டுமென்றால் 4.72-ஐ. ஆனால் எந்த சிஓபி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே உள்ள காகிதக் கணக்கில் 1053 ÷ 283 = 3.72, ஷாஃப்ட்டில் அது 2.6, மீட்டரில் 2.33. கேட்லாக்கில் 3.7 என்று கண்டதும் மகிழ வேண்டாம்.

இப்போது மோட்டார் தேர்வு. கிடைக்கும் அளவுகள் 30, 37, 45 கிலோவாட். 32.3-க்கு 30 போதாது. 37 கிலோவாட், உங்களிடம் கேட்ட அதே 50 எச்பி, 87 சதவீதச் சுமையில் ஓடும், நல்ல இடம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. முதல்முறை பிளான்ட் ஓட்டும்போது பிரைன் 30 டிகிரியில் இருக்கும். சக்ஷன் அழுத்தம் ஏறும், சிலிண்டருக்குள் கனமான ஆவி நுழையும். டிஸ்சார்ஜ் +40-ல் நின்றால், சக்ஷன் 0 டிகிரிக்கு வரும்போது ஷாஃப்ட் பவர் −15-ல் இருப்பதைவிட 30 சதவீதம் போல அதிகம். 32.3 கிலோவாட் 42-ஐத் தொடும். 37 கிலோவாட் மோட்டார் ஓவர்லோடில் ட்ரிப் ஆகும், ஆளைக் கூப்பிட்டு ரிலேயை ஏற்றி வைப்பார்கள், வைண்டிங் போகும். செய்ய வேண்டியது வேறு: அன்லோடரைப் (சில சிலிண்டரை வேலையிலிருந்து விலக்கும் அமைப்பு) போட்டு 6 சிலிண்டரில் 4-ல் ஓட்டுங்கள், அன்லோடர் இல்லையென்றால் சக்ஷன் ஸ்டாப் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, பிரைன் −5-க்கு வரும் வரை ஆம்பியர் பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்கும் ஆள் இல்லாத இடம் என்றால்தான் 45 கிலோவாட்.

டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) சரிபார்க்க: 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.86 என்றால் 34.7 கிலோவாட்டுக்கு 56 ஆம்பியர். நிலைத்த ஓட்டத்தில் 50-க்குக் கீழே இருந்து ஐஸும் குறைந்தால் கம்ப்ரஸர் வேலை செய்யவில்லை என்று பொருள். ஆம்பியர் குறைந்ததில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

மின்சாரச் செலவு: 34.7 × 20 = 694 யூனிட், டன்னுக்கு 69. பம்ப், டவர் விசிறி, அஜிடேட்டர் தனி. யாராவது டன்னுக்கு 40 யூனிட் என்று வாக்குக் கொடுத்தால், எந்த ஊர்த் தண்ணீருக்கு, எந்தக் கண்டென்சிங்குக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

நாகை_கட்டி

மிக்க நன்றி. இரண்டாவது கொட்டேஷனைத் தூக்கி வைத்துவிட்டேன். ஒன்று புரியவில்லை. அழுத்த விகிதம் 6.6 என்கிறீர்கள். பக்கத்துப் பிளான்ட்டில் சக்ஷன் கேஜ் 20 பவுண்டு, டிஸ்சார்ஜ் 210 பவுண்டு காட்டுகிறது. வகுத்தால் 10.5 வருகிறது. அங்கே ஏதாவது கோளாறா?

கூலிங் டவர்க்காரர் "23 டிஆர் கம்ப்ரஸருக்கு 25 டன் டவர் தாராளம்" என்கிறார். அதையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: குளிர்கணக்கு

அந்தப் பிளான்ட் அச்சு அசலாக −15/+40-ல் ஓடுகிறது, கோளாறு இல்லை. கேஜ் காட்டுவது காற்று அழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும். விகிதத்துக்கு முழு அழுத்தம் வேண்டும். இரண்டு பக்கமும் 14.7 கூட்டுங்கள். 34.7-ம் 224.7-ம், விகிதம் 6.5. அட்டவணையில் −15-க்கு 2.36 பார், 40-க்கு 15.55 பார், விகிதம் 6.6. கூட்ட மறந்தால் சக்ஷன் பக்கம்தான் பெரிதாகப் பிழைக்கும், ஏனென்றால் அங்கே எண் சிறியது. 10.5 என்று நம்பி இரண்டு ஸ்டேஜ் கம்ப்ரஸர் விலை கேட்கப் போய்விடுவீர்கள்.

டவரில் உள்ள டன் மூன்றாவது வகை. கண்டென்சர் வெளியே தள்ள வேண்டியது தொட்டியிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸர் வேலையும் சேர்ந்தது: 80.8 + 31 = 112 கிலோவாட். டவர் டன் என்பது ஏசிக்காக, கம்ப்ரஸர் வெப்பத்தையும் கூட்டி மணிக்கு 15,000 பிடியூ என்று வைத்தது, 4.4 கிலோவாட். 112 ÷ 4.4 = 25.4. காகிதத்திலேயே 25 டன் டவர் மட்டம் தட்டிவிட்டது. அதுவும் அந்த 25 டன் ஈரக்குமிழ் 25.6 டிகிரிக்கும், 35-ல் நுழைந்து 29.5-ல் வெளிவரும் தண்ணீருக்கும் சொன்ன எண். உங்கள் கடற்கரையில் ஈரக்குமிழ் 28. அந்த 28-ஐயும், 112 கிலோவாட்டையும், தண்ணீர் 4 டிகிரி இறங்க மணிக்கு 24 கனமீட்டர் ஓட்டத்தையும் எழுதிக் கொடுத்து, அதற்கு டவர் கேளுங்கள். டன் என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் வேண்டாம்.

டவரில் மிச்சம் பிடிக்காதீர்கள். கண்டென்சிங் ஒரு டிகிரி ஏறினால் ஒரு டிஆருக்கு ஆகும் மின்சாரம் இரண்டரை சதவீதம் கூடும். 40 என்பது 44 ஆனால் நாளுக்கு 70 யூனிட் போல வீணாகும், வருடம் முழுக்க.

பதில்: அமோனியா_லைன்

அதோடு ஒன்று. டிஸ்சார்ஜ் கேஜ் உயர்ந்தால் உடனே டவரைக் குறை சொல்ல வேண்டாம். கண்டென்சரிலிருந்து ரிசீவருக்கு இறங்கும் குழாயைத் தெர்மாமீட்டரால் பாருங்கள். கேஜ் 14.5 பார் என்றால் அமோனியா 40 டிகிரியில் இருக்க வேண்டும். குழாய் 36 காட்டினால் அதற்குரிய அழுத்தம் 12.9 பார்தான், மீதி 1.6 பார் உள்ளே சிக்கிய காற்று. பிரைன் ரொம்ப இறங்கி சக்ஷன் வாக்குவத்துக்குப் போன பிளான்ட்டில் ஷாஃப்ட் சீல் வழியாகக் காற்று புகும். பர்ஜ் செய்து எடுத்தால் அந்த அழுத்தம் போய்விடும், அதற்காக எரிந்த கரண்ட்டும் மிச்சம்.

டிஸ்சார்ஜ் குழாய் சூட்டையும் குறித்து வையுங்கள். −15/+40-ல் அமோனியாவுக்கு இழப்பில்லாக் கணக்கிலேயே 120 பக்கம் வரும். நடைமுறையில் 130, 140. அதைத் தாண்டினால் ஹெட் ஜாக்கெட்டில் தண்ணீர் ஓட்டத்தையும் டிஸ்சார்ஜ் வால்வுக் கசிவையும் பாருங்கள். எண்ணெய் கருகத் தொடங்கிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

பதில்: கேன்_கணக்கு

எல்லோரும் கம்ப்ரஸரைப் பேசிவிட்டார்கள். கேனையும் ஒருவர் பேச வேண்டும், ஏனென்றால் 23 டிஆர் சரியாக வாங்கியும் 8 டன் ஐஸில் நிற்கும் பிளான்ட்டுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கட்டி உறையும் நேரத்தைக் கம்ப்ரஸர் நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. வெளியே உறைந்த ஐஸே உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போர்வையாகிவிடும். தோராய சூத்திரம்: கேன் வாயின் குறுகிய பக்கத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி, 0.6-ஆல் பெருக்கி, பிரைன் எத்தனை மைனஸோ அதனால் வகுக்க வேண்டும். 16 செ.மீ., பிரைன் −10 என்றால் 0.6 × 256 ÷ 10 = 15.4 மணி. 18 செ.மீ. என்றால் 19.4 மணி. இரண்டு சென்டிமீட்டருக்கு நான்கு மணி நேரம் வித்தியாசம்.

நாளுக்கு 10 டன் என்றால் 200 கட்டி வெளியே வர வேண்டும். கம்ப்ரஸர் நிற்கும் 4 மணி நேரத்தில் பிரைன் சூடேறி உறைதல் தள்ளிப்போகும். எடுக்க, கழற்ற, மறுபடி நிரப்ப நேரம் வேண்டும். 18 செ.மீ. கேனில் ஒரு சுற்று 24 மணியைத் தொட்டுவிடும். சரியாக 200 கேன் வாங்கினால் ஒரு கேன் ஓட்டையானாலே 10 டன் போச்சு. 220-க்குக் குறையாமல் வையுங்கள்.

கேன் போதாத இடத்தில் அவசரப்பட்டுப் பிரைனை −15-க்கு இறக்குவார்கள். எவாப்பரேட்டிங் −20-க்குப் போகும். அங்கே அதே கம்ப்ரஸர் கால் பங்குத் திறனை இழக்கும், டிஆருக்கு ஆகும் மின்சாரம் 14 சதவீதம் ஏறும், கட்டியும் விரிசல் விடும். உப்பும் அதற்கு ஈடு கொடுக்காது: 20 சதவீத உப்புக் கரைசல், ஹைட்ரோமீட்டரில் 1.15, உறைவது −16.5-ல். காயில் −20 என்றால் காயிலின் மேலேயே ஐஸ் படியும், வெப்பம் கடக்காது, சக்ஷன் இன்னும் இறங்கும், ஓட்டுபவர் "கேஸ் குறைவு" என்று அமோனியா ஏற்றுவார். −15 காயிலுக்கே 1.15 என்பது கடைசி எல்லை; வாரம் ஒருமுறை ஹைட்ரோமீட்டர் போடுங்கள். கேன் தூக்கும்போது உப்புத் தண்ணீர் கூடவே வெளியேறுவதால் அது தானாகக் குறைந்துகொண்டே வரும்.

நாகை_கட்டி

கேன் 18 செ.மீ.தான். 230-க்கு ஆர்டர் மாற்றுகிறேன். கம்ப்ரஸரில் முதலாவதுக்கும் ஜப்பான் மெஷினுக்கும் இடையில் நிற்கிறேன். 22 டிஆர் என்றால் 21 மணி நேரம் ஓட்ட வேண்டும், அது முடியும். ஜப்பான் மெஷின் பாதி விலை. அதை யார்டில் காற்றில் ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார்கள். அமோனியா இல்லாமல் என்ன பார்க்க முடியும்?

பதில்: அமோனியா_லைன்

டிஆர் பார்க்க முடியாது. ஆனால் அந்த 0.73 தேறுமா என்று பார்க்கலாம்.

டிஸ்சார்ஜை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்து, சக்ஷனை முழுக்க மூடி ஓட்டச் சொல்லுங்கள். வாக்குவம் கேஜ் பாதரசத்தில் 25 அங்குலத்துக்கு மேல் இழுக்க வேண்டும். 20-ல் நின்றால் வால்வு அல்லது ரிங். பிறகு மெஷினை நிறுத்தி கேஜைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: ஊசி மெல்ல ஏறினால் பரவாயில்லை, சட்டென்று விழுந்தால் வால்வு பிளேட் உட்காரவில்லை, அல்லது சீல் கசிகிறது. எது என்று அறிய சீலைச் சுற்றி எண்ணெய் தடவி மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

எண்ணெய் அழுத்தம் சக்ஷனைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று சூடான பிறகு குறியுங்கள். குளிரில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் காட்டும். ஹெட்டைக் கழற்றி ஒரு லைனரின் விட்டத்தை மேலே, நடுவில், கீழே மைக்ரோமீட்டரால் அளந்து, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள தேய்மான எல்லையோடு ஒப்பிடுங்கள். அன்லோடரை ஒவ்வொன்றாக இயக்கச் சொல்லி ஆம்பியர் இறங்குகிறதா என்று பாருங்கள்; மோட்டார்_பேனல் சொன்ன 37 கிலோவாட் கணக்கு அன்லோடர் வேலை செய்தால்தான் செல்லும்.

டிஸ்சார்ஜை மூடிக் காற்றை 10, 15 பாருக்கு அடித்துக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று நிறுத்திவிடுங்கள். அமோனியாவைவிடக் காற்று அதிகம் சூடாகும், உள்ளே எண்ணெய் ஆவியும் இருக்கும். தீப்பிடித்து ஹெட் வெடிக்கும். கசிவு சோதனை வேண்டுமென்றால் நிறுத்திய மெஷினில் உலர் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை போடட்டும்.